வாய்தா வள்ளல்

நீதிபதிக்குப் பிறவியிலேயே ஒரு குறை இருந்தது. கண், காது, மூக்கு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டிய மாதிரிதான் இருந்தன. நாக்கில்தான் கோளாறு. 'முடியாது' என்ற ஒரு சொல் மட்டும் அதில் ஏறாது. தொண்டை வரை வரும், அங்கே வழுக்கி விழுந்து, 'சரி, பார்க்கலாம்' என்று வெளியே வரும்.

கல்யாணப் பேச்சு எழுந்த காலத்தில் அத்தை ஒரு பெண்ணைச் சொன்னாள், சித்தப்பா ஒரு பெண்ணைச் சொன்னார். இவர் இரண்டு பேரிடமும் 'ஆகட்டும்' என்று தலையாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார். அப்புறம் அப்பாதான் ஒரு வீட்டு வாசலில் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சித்தப்பா சொன்ன பெண்தான் இப்போதைய மனைவி. அத்தை சொன்ன பெண் தப்பித்துவிட்டாள் என்பது மனைவியின் கட்சி. முடிதிருத்துகிறவர் எப்படி வெட்டுகிறாரோ அதுதான் இவருடைய தலை. விற்க வந்தவர் எதை நீட்டுகிறாரோ அதுதான் இவர் வீட்டுச் சாமான். தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் மட்டும் வீட்டில் மூன்று இருந்தது. ஒன்றில்தான் தண்ணீர் வந்தது.

இப்படிப்பட்டவர் நீதிபதியானது எப்படி என்று அவரே பலமுறை வியந்ததுண்டு. ஆனால் சொத்து வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரு சுவருக்காக வந்து நிற்பார்கள். வாய்தா கேட்பார்கள், கொடுத்துவிடுவார். வழக்குப் போட்ட அண்ணன் போய்ச் சேர்ந்து, அவன் மகன் வந்து நிற்பான். அவனுக்கும் வாய்தா. சுவர் பாட்டுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். சுவர் எங்கே ஓடிப்போகப்போகிறது? இதைப் பொறுமை என்றார்கள் வக்கீல்கள். நிதானம் என்றார்கள். அவரும் நம்பினார். பாராட்டை நம்ப மறுப்பதற்கும் அந்த 'முடியாது' வேண்டுமே!

அப்புறம்தான் அவரைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றினார்கள். குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமைகளை மட்டும் விசாரிக்கிற தனி நீதிமன்றம்.

அந்த அறையைப் பார்த்ததுமே அவருக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாக இருந்தது. சுவரெல்லாம் மஞ்சள். ஒரு மூலையில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று வரைந்திருந்தார்கள், அதன் கழுத்து கூரையில் முட்டி மடங்கியிருந்தது. உயர்ந்த மேடை கிடையாது. குழந்தை உட்காரச் சின்ன நாற்காலி, பக்கத்தில் அம்மா உட்கார ஒன்று, எதிரே நீதிபதிக்கு ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு திரைக்குப் பின்னால் இருப்பார், அவர் குழந்தை கண்ணில் படக்கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்கக்கூடாது. நீதிபதியிடம் சொல்ல வேண்டும், நீதிபதி அதைக் குழந்தைக்குப் புரிகிற மாதிரிக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீதிபதி கறுப்பு அங்கி போடக்கூடாது. குழந்தைகள் பயந்துவிடுமாம்.

அந்த அங்கியில்தான் அவருடைய பாதி மரியாதை இருந்தது. அதைக் கழற்றிவிட்டுக் கட்டம் போட்ட சட்டையில் கண்ணாடி முன் நின்றபோது, தபால் அலுவலக வரிசையில் நமக்கு முன்னால் நின்று நகராமல் எரிச்சல் மூட்டுவாரே ஒருவர், அவர் மாதிரியே இருந்தார்.

வந்த வழக்குகளில் ஒன்று டியூஷன் மாஸ்டர் மேல் இருந்தது. தெருவில் நல்ல பெயர் எடுத்த மனிதர். பண்பானவர், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். அவரிடம் படிக்கப் போன ஏழு வயதுச் சிறுமி, டியூஷன் நேரம் வந்தாலே வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொண்டாள். துணி தைக்கும் ஆலையில் வேலை பார்க்கும் அம்மா முதலில் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தாள். பிறகு ஒருநாள் மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு, காலில் செருப்பு இல்லாமல் போலீஸ் நிலையத்துக்கு ஓடினாள். மாஸ்டர் கைதானார், ஜாமீனில் வந்தார். வந்து அதே தெருவில், எதிர்வரிசையில், பழைய வீட்டிலேயே இருந்தார். அம்மாவும் மகளும்தான் பின்தெருவைச் சுற்றிப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

சட்டப்படி சிறுமியின் பெயரை வெளியில் சொல்லக்கூடாது. பெஞ்ச் கிளார்க் அம்மாள் அவளைச் 'சின்னவள்' என்றாள். எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் சின்னவளுக்கு ஒன்பது வயது நெருங்கிவிட்டது.

முதல் தடவை சாட்சி சொல்ல வந்தபோது, எதிர்த்தரப்பில் ஒரு ஜூனியர் வக்கீல் மட்டும் வந்து, தன் சீனியருக்குக் காய்ச்சல் என்றான். நீதிபதி வாய்தா கொடுத்தார். கொடுத்த கையோடு பக்கத்து அறைக்குப் போய்ச் சின்னவளுக்கு ஒரு சாக்லேட்டும் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். குழந்தைகளோடு பழகத் தனக்கு இயல்பாகவே வருகிறது என்று அன்று முழுவதும் பூரித்துப்போயிருந்தார்.

இரண்டாவது தடவை மாஸ்டருக்கு மூச்சுத் திணறலாம். டாக்டர் சீட்டு நீட்டினார்கள். அரசு வக்கீலாக இருந்த இளம்பெண், "ஐயா, போன வாரம் இவரை மார்க்கெட்ல ரெண்டு பை தூக்கிட்டு நடந்து போறதைப் பார்த்தேன்" என்றாள். நீதிபதி சிரித்தார். அப்புறம் வாய்தா கொடுத்தார். அன்றும் சாக்லேட்டோடு போனார். சின்னவள் சாக்லேட்டையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், கையை மட்டும் நீட்டவில்லை.

மூன்றாவது தடவை, காலையில் கைகழுவும் இடத்திலிருந்து அவர் வந்துகொண்டிருந்தார். தாழ்வாரத்தில் அந்த ஜூனியர் தூணில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். அங்கி இல்லாமல் நடந்து வந்தவரை யாரோ என்று அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வழி விட்டு ஒதுங்கக்கூட இல்லை.

"பயப்படாதீங்க மாஸ்டர். நம்ம வாய்தா வள்ளல்தானே இருக்காரு! கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாரு. இன்னும் ரெண்டு மூணு தடவை இழுத்துட்டோம்னா போதும், பிள்ளைக்கு மறந்துடும். இல்லாட்டி அந்தம்மாவுக்கு லீவு தீர்ந்துடும். ரெண்டுல ஒண்ணு நடக்கும்."

வள்ளல் என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு கணம் நீதிபதிக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதை நினைத்துப் பிற்பாடு அவர் வெட்கப்பட்டதற்கு அளவே இல்லை. மீதி வாக்கியங்கள் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கிய பிறகு, யாரோ பின்மண்டையில் ஒன்று வைத்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் யாருடைய வீட்டுச் சோற்றை எடுத்து யாருக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்?

சட்டைப் பையில் சாக்லேட் இருந்தது. பழக்கத்தில் பக்கத்து அறைக்குப் போனார். அம்மா எழுந்து நின்றாள். சின்னவள் எழுந்திருக்கவில்லை.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"பயமா இருக்கா?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "அங்கிள், இன்னைக்கும் அடுத்த தடவை வான்னு சொல்லிடுவீங்களா?" என்றாள்.

"ஏன்டாம்மா கேக்குற?"

"இல்ல, எங்க அத்தை எல்லாத்தையும் மறந்துடுன்னு சொல்றாங்க. போலீஸ் அக்கா மறந்துடாத, ஜட்ஜ் அங்கிள் கேப்பாருன்னு சொல்றாங்க. நீங்க கேட்டு முடிச்சதுக்கு அப்புறம் மறந்துக்கலாமாம். அதான் எப்போ கேப்பீங்கன்னு கேட்டேன்."

அம்மா, "ஏய், சும்மா இரு" என்று மகளின் தோளைப் பிடித்தாள். நீதிபதி சட்டைப் பையில் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை. சாக்லேட் உருகி விரல்களில் ஒட்டிக்கொண்டது. "இன்னைக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து, மறுபடி கைகழுவப் போனார்.

அன்றைக்குப் பார்த்து சீனியரே நேரில் வந்துவிட்டார். வெள்ளைத் தலை, கணீர்க் குரல். நீதிபதி சட்டப் படிப்பு முடித்ததும் தொழில் பழகியது அவரிடம்தான். அவர் பையைத் தூக்கிக்கொண்டு படியேறியவர்தான் இவர். இப்போதும் அவர் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்கச் சொல்லிக் கால்கள் நச்சரிக்கும்.

"ஐயா," என்றார் சீனியர், குரலில் தேன் வடிய. "எனக்கு இன்னைக்கு மேல்கோர்ட்ல ஒரு அவசரக் கேஸ். ஐயா பெரிய மனசு பண்ணி, எப்பவும் போல..."

பெஞ்ச் கிளார்க் அம்மாள் அடுத்த தேதியைக் குறிக்கப் பேனாவைத் திறந்தேவிட்டாள். அவள் கைக்கும் பழக்கம்.

நீதிபதி வாயைத் திறந்தார். சொல் தொண்டை வரை வந்தது, வழுக்கியது. பிடித்துக்கொண்டார்.

"முடியாது."

அது அவருக்கே கேட்கவில்லை. கிளார்க் அம்மாள் எட்டிப் பார்த்து, "ஐயா, எந்தத் தேதிங்க?" என்றாள்.

"முடியாதுன்னு சொன்னேன்!"

இந்தத் தடவை பக்கத்து நீதிமன்றத்துக்கே கேட்டது. வாசலில் நின்ற சிப்பந்தி ஏதோ கலாட்டா என்று உள்ளே ஓடிவந்தான். ஐம்பத்து மூன்று வருஷமாகச் சேர்த்துவைத்த சொல், ஒரே மூச்சில் வந்தால் அப்படித்தான் இருக்கும்.

சீனியர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, நான் கேக்குறேன்..."

"தெரியுதுங்கய்யா. நீங்க கேக்குறதாலதான் சொல்றதுக்கு இவ்வளவு கஷ்டமா இருக்கு. பிள்ளை வந்திருக்கு. அது இன்னைக்கே சொல்லிடட்டும். நீங்களும் இன்னைக்கே கேட்டுடுங்க."

கிளார்க் அம்மாள் திறந்த பேனாவை மூடினாள்.

வீரம் அதோடு முடிந்தது. சின்னவளை அழைத்து வந்து உட்காரவைத்த பிறகுதான் அடுத்த சங்கடம் தெரிந்தது. நீதிபதிக்குப் பேசத் தெரியவில்லை. அதாவது, மனிதர்கள் பேசுகிற மாதிரிப் பேசத் தெரியவில்லை. கனிவாகத்தான் ஆரம்பித்தார். "பாப்பா, மேற்படி நபரின் இல்லத்துக்கு நீ வழக்கமாக எத்தனை மணியளவில் செல்வாய்?"

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். "மேல்படியில யாரும்மா?" என்றாள்.

அரசு வக்கீல் இருமினாள். நீதிபதி இன்னும் கனிவைக் கூட்டினார். "சம்பவம் நடந்த தேதி ஞாபகம் இருக்கா?" என்றார். சம்பவம் என்றால் என்ன என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. தப்பாகச் சொல்லிவிட்டால் அடி விழுமோ என்ற பயமும் தெரிந்தது. கேள்வி மேல் கேள்வி போய் விழுந்ததே தவிர ஒன்றும் எழும்பி வரவில்லை. திரைக்குப் பின்னால் மாஸ்டர் நிம்மதியாகத் தொண்டையைச் செருமினார். அந்தச் சத்தத்தில் சிறுமியின் கை அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

மதியம் சாப்பாட்டு நேரம் வந்தது. மனைவி மழலையர் பள்ளியில் ஆசிரியை. வழக்கைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை என்பது இவர் வைத்திருந்த விதி. அதை மீறாமல் போனில் சுற்றி வளைத்தார்.

"ஏம்மா, பொதுவா ஒண்ணு கேக்குறேன். சின்னப் பிள்ளைங்ககிட்ட ஏதாவது விஷயம் தெரிஞ்சுக்கணும்னா எப்படிக் கேக்கணும்?"

"பொதுவாவா? நீங்க எப்படிக் கேட்டீங்க, அதை முதல்ல சொல்லுங்க."

சொன்னார். மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"என்னங்க, மேற்படின்னு என்கிட்ட கேட்டாலே நான் ஓடிடுவேன். தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம், யாரும் திட்ட மாட்டாங்கன்னு முதல்ல சொல்லுங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு கேள்வி. தேதி கேக்காதீங்க. லீவுக்கு முன்னாடியா, அப்புறமான்னு கேளுங்க. முக்கியமா, ஒரு தடவை பதில் சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேக்காதீங்க. முதல்ல சொன்னது தப்பு போலன்னு நெனச்சு மாத்திச் சொல்லிடும்."

"மாத்திச் சொன்னா பொய்னு..."

"பொய் இல்லைங்க. உங்களை மாதிரிதான். எதிர்ல இருக்கவங்க எதை எதிர்பார்க்குறாங்களோ அதைக் கொடுத்துடும்."

போனை வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே எழுந்தார்.

மதியத்துக்கு மேல் சின்னவள் பேசினாள். தயங்கித் தயங்கி, நடுநடுவே ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் சொன்னாள். தெரியாத இடங்களில் 'தெரியல' என்றாள், அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. டைப் அடிக்கிறவர் ஓரிடத்தில் விரலை நிறுத்திவிட்டார். நீதிபதி ஜாடை காட்டியதும்தான் திரும்பத் தொடங்கினார்.

பிறகு சீனியர் எழுந்தார். எழுந்தவர் பழைய சிங்கம்தான். கேள்விகளை நீதிபதியிடம் சொன்னார். நீதிபதி அவற்றை இடித்துத் தூளாக்கிச் சின்னவளுக்கு ஊட்டினார். கதவு எந்தப் பக்கம் என்ற ஒன்றையே சீனியர் மூன்றாவது முறையாக வேறு வார்த்தையில் சுற்றி வந்தபோது, நீதிபதி "அது ரெண்டு தடவை ஆயிடுச்சுங்கய்யா, மறுபடி கேக்க முடியாது" என்றார். இரண்டாவது 'முடியாது' அவ்வளவு வலிக்கவில்லை.

"அப்படின்னா இதைக் கேளுங்க," என்றார் சீனியர். "மார்க் குறைவா வாங்கினதுக்கு மாஸ்டர் திட்டினார். அந்தக் கோபத்துல இந்தப் பெண் கதை கட்டுது. இதுதான் எங்க கட்சி."

நீதிபதி சின்னவள் பக்கம் குனிந்தார். "மாஸ்டர் உன்னைத் திட்டுவாரா?"

"மாட்டார்."

"ஒரு தடவைகூடத் திட்டினதில்லையா?"

"இல்ல. மத்த பிள்ளைங்களைத்தான் திட்டுவார். அவங்களைச் சீக்கிரமா வீட்டுக்கு அனுப்பிடுவார்." கொஞ்சம் யோசித்தாள். "என்னையும் திட்டியிருக்கலாம்."

சீனியர் கையிலிருந்த தாள்களை அடுக்கினார், அடுக்கியதையே திரும்பவும் அடுக்கினார். அப்புறம், "எனக்கு வேற கேள்வி இல்லைங்கய்யா" என்று உட்கார்ந்தார்.

சின்னவள் நாற்காலியிலிருந்து இறங்கி, "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "உன் வேலை முடிஞ்சுதும்மா" என்றார் நீதிபதி. அவருடைய வேலை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

வக்கீல்கள் இரண்டு நாள் அவர் நீதிமன்றத்தைப் புறக்கணித்தார்கள். நீதிபதி கத்துகிறார், மூத்தவர்களை மதிப்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். ஜென்மத்தில் யாரையும் அதட்டியறியாத மனிதர் மேல் அப்படியொரு புகார் வந்தது அவருக்குச் சன்மானம் மாதிரி இருந்தது. வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றச் சொல்லி மாஸ்டர் மேல்கோர்ட்டுக்குப் போனார், மனு தள்ளுபடியாயிற்று. சின்னவளைப் பரிசோதித்துவிட்டு, சாட்சிக்கு வராமல் போக்குக் காட்டிய டாக்டருக்கு அழைப்பாணை போயிற்று. இந்த வழக்கை விசாரித்தபின் ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருந்த இன்ஸ்பெக்டரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

புதிதாகச் செருப்பு வாங்கிய பிள்ளை வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டு திரியுமே, நீதிபதியும் அப்படித்தான் ஆனார். முடிதிருத்துகிறவரிடம் முடியாது. விற்பனைக்கு வந்தவரிடம் முடியாது. அந்த வேகத்தில், ஒட்டடை அடிக்கச் சொன்ன மனைவியிடமும் முடியாது என்று சொல்லிப் பார்த்தார். அங்கே மட்டும் அந்தச் சொல் செல்லுபடியாகவில்லை. முக்காலியைப் போட்டு ஏறினார்.

தீர்ப்பு எழுத உட்கார்ந்தபோது அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த எழுத்தாளர் விழித்துக்கொண்டார். குழந்தைமை என்பது யாது, நீதி தாமதமானால் அது என்னவாகிறது, ஒரு சிறுமியின் துணிவு சமூகத்துக்குச் சொல்வதென்ன என்றெல்லாம் நான்கு பக்கம் எழுதினார். 'இந்த நீதிமன்றம் அந்தச் சிறுமிக்குத் தலைவணங்குகிறது' என்ற வரியை எழுதிவிட்டுத் தானே கண்கலங்கினார். அந்த வரியை வாசிக்கும்போது எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், நிறுத்தி எங்கே பார்க்க வேண்டும் என்பதைக்கூடக் குளியலறையில் ஒத்திகை பார்த்தாயிற்று. சின்னவள் எதிரே உட்கார்ந்திருப்பாள். புரிகிறதோ இல்லையோ, ஒருநாள் நினைத்துப் பார்ப்பாள்.

தீர்ப்பு நாளன்று அம்மா மட்டும் வந்திருந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு வரலையாம்மா?" என்றார் நீதிபதி. குரலில் ஏமாற்றம் தெரியாமல் பார்த்துக்கொண்டதாக அவர் நினைத்தார்.

"இல்லீங்கய்யா. ஸ்கூல்ல இன்னைக்கு ஓட்டப்பந்தயம். கோர்ட்டுக்கு வரியான்னு கேட்டேன், நான்தான் சொல்லிட்டேன்ல, இனி நீயே போயிட்டு வான்னுட்டா." அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு தயங்கி, "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் சீக்கிரமாப் படிச்சீங்கன்னா நான் போய் அவ ஓடுறதைப் பார்த்துடுவேன். நான் நிக்கலேன்னா திரும்பித் திரும்பிப் பார்ப்பா" என்றாள்.

அரசு வக்கீல் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளை வராததால் திரை போடவில்லை, மாஸ்டர் எல்லோர் கண்ணிலும் படும்படி வியர்த்து நின்றார். நீதிபதி கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். யாது, என்னவாகிறது, சொல்வதென்ன. நான்கு பக்கத்தையும் சேர்த்துப் புரட்டி, கடைசித் தாளுக்குப் போனார்.

குற்றம் நிரூபணமானது. நீண்ட சிறைத்தண்டனை. உடனே காவலில் எடுக்க வேண்டும். படித்து முடிக்க ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஜூனியர் மேல்முறையீடு என்று ஏதோ சொன்னான். செய்வார்கள், மேலே இன்னும் எத்தனை படி இருக்கிறதோ, அங்கெல்லாம் எந்தெந்த வள்ளல்கள் உட்கார்ந்திருக்கிறார்களோ. அது நீதிபதியின் கையில் இல்லை. அம்மா எழுந்து நின்று கைகூப்பினாள். ஏதோ சொல்ல வந்தாள், வாய் கோணிக்கொண்டது, கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போங்கம்மா, போங்க. ஆரம்பிச்சிடப் போறாங்க" என்றார் நீதிபதி.

அவள் ஓடினாள். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும் வரை அவர் அடுத்த வழக்குக் கட்டை எடுக்கவில்லை.

மாலையில் மனைவி கேட்டாள். "குளிக்கும்போது ஏதோ பிரசங்கம் பண்ணிட்டே இருந்தீங்களே, அது என்ன ஆச்சு? எல்லாரும் கண்கலங்கினாங்களா?"

"படிக்கல."

"ஏன்?"

"நேரமில்ல. ஒருத்தங்க அவசரமாப் போக வேண்டியிருந்தது."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். டீயை அவர் பக்கம் நகர்த்தினாள். "நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அவரும் குடித்துக்கொண்டே அதைத்தான் நினைத்தார். பந்தயத்தில் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.